சக்தி போய் ஏழு மாதம் ஆகிறது, இன்னும் காத்திருக்கலாமா?

கடிதத்தின் சுருக்கம்

பெயர், ஊர், உடையின் நிறம் எதுவும் வெளியே தெரியக் கூடாது என்ற வேண்டுகோளுடன் 34 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். 23 வயதில் அவருக்குச் சக்திகள் வந்தன. பறப்பார், லாரியைத் தூக்குவார், தோலில் ஊசி இறங்காது, நான்கு தெரு தள்ளி யாராவது அலறினாலும் காதில் விழும். 11 ஆண்டுகள் முகமூடிக்குப் பின்னால் இருந்து மக்களைக் காப்பாற்றியவர்.

ஏழு மாதங்களுக்கு முன், மூன்றே வாரத்தில் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. முதலில் காது, அடுத்து பறப்பது, அடுத்து பலம். கடைசியாக, உடைந்த கண்ணாடி டம்ளரைப் பொறுக்கும்போது விரலில் ரத்தம் வந்தது. "அதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நின்றேன்" என்கிறார். காரணம் தெரியவில்லை. ரகசியம் வெளியே வந்துவிடும் என்று மருத்துவரிடமும் போகவில்லை. ஐந்து மாதங்களுக்கு முன் ஒரே ஒருமுறை தரையிலிருந்து அரை அடி எழும்பியதாக நம்புகிறார். அன்றிலிருந்து தினமும் இரவு 2 மணிக்கு மொட்டை மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி நின்று சோதித்துப் பார்க்கிறார். தூக்கம் மூன்று மணி நேரம். பலம் திரும்பிவிட்டதா என்று ஒரு காரைத் தூக்கிப் பார்த்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

விஷயம் தெரிந்தவர்கள் இருவர்: கணவர், கூடவே இயங்கும் 22 வயது இளம் தோழி. சக்தி போனதைச் சொன்னபோது கணவர், "இனிமேலாவது நிம்மதியாத் தூங்குவேன்" என்றாராம். அன்றோடு பேச்சு குறைந்துவிட்டது. இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு கட்டடத்தில் தீப்பிடித்து மூன்று பேர் இறந்தார்கள். இவர் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அவருடைய கேள்விகள்: சக்தி வருமா, எவ்வளவு நாள் காத்திருப்பது? துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) என்கிறார்களே, நான் மூன்றாவதிலேயே நின்றுவிட்டேனா? அந்த மூன்று உயிர்களுக்கு நான் பொறுப்பா? ஊருக்குச் சொல்லிவிடலாமா? அலமாரியில் தொங்கும் உடையை என்ன செய்வது?

பதில்

ஐந்து கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கேட்காத ஆறாவது ஒன்றும் கடிதத்தில் இருக்கிறது. அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் அந்த மாடி

சுவரின் மேல் ஏறி நிற்பதைச் "சோதித்துப் பார்ப்பது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்புகிறேன். இருந்தாலும் நேராகவே கேட்கிறேன்: அங்கே நிற்கும்போது, விழுந்தால் விழட்டும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுவார்கள். அப்படி நடப்பதில்லை. யாராவது கேட்டுவிட்டார்களே என்று மனம் லேசாவதுதான் வழக்கம்.

உங்கள் பதில் "ஆமாம்" என்றாலும், "சொல்லத் தெரியவில்லை" என்றாலும், இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்துங்கள். கணவரிடம் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுங்கள். இன்றிரவு தனியாக இருக்க வேண்டாம். உங்கள் பகுதியில் உள்ள தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், அல்லது அவரோடு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

"இல்லை" என்பது பதிலானாலும் சாவி அவரிடமே இருக்கட்டும். விளிம்பில் நின்றால் மற்றவர்களுக்குக் கால் தானாகப் பின்னுக்கு இழுக்கும். 11 ஆண்டுகள் பறந்த உங்களிடம் அந்தக் கூச்சம் மங்கியிருக்கும். மூன்று மணி நேரத் தூக்கமும் இருட்டும் அதோடு சேர்ந்தால், விழுவதற்கு எந்த எண்ணமும் தேவையில்லை.

ஏன் தினமும் அங்கே போகத் தோன்றுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு செயலுக்கு ஒவ்வொரு முறையும் பலன் கிடைத்து, பிறகு அது நின்றுபோனால், மனிதர்கள் சீக்கிரமே விட்டுவிடுவார்கள். எப்போதோ ஒருமுறை கிடைத்தால்தான் விட மாட்டார்கள். சூதாட்ட இயந்திரத்தின் முன் விடிய விடிய உட்கார வைப்பது இதுதான். உங்களுக்கு அந்த அரை அடி போதுமாக இருந்திருக்கிறது. அது நிஜமாக நடந்ததா, தூக்கமில்லாத மூளை காட்டியதா என்று வாதாட நான் வரவில்லை. நடந்ததென்றே வைத்துக்கொள்வோம். அது தரையிலிருந்துதானே நடந்தது? சக்தி வருவதாக இருந்தால் தரையில் நிற்கும்போதும் வரும். உயரத்தில் ஏறுவதால் சோதனையின் துல்லியம் கூடுவதில்லை, அதற்குக் கொடுக்க வேண்டிய விலைதான் கூடுகிறது.

அதனால் சோதனையை நிறுத்தச் சொல்லவில்லை, இடம் மாற்றச் சொல்கிறேன். வாரத்தில் ஒரே நாள், உதாரணமாக ஞாயிறு காலை 10 மணி. வீட்டுக்குள், கீழே மெத்தை விரித்து, கணவர் பக்கத்தில் இருக்க, ஐந்து நிமிடம். என்ன நடந்தது என்று நோட்டில் ஒரு வரி. அதோடு அந்த வாரத்துக்கு முடிந்தது. நடுவில் உந்துதல் வந்தால் "ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுங்கள். உந்துதல் ஏறி, உச்சம் தொட்டு, தானாகவே இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வேகம் குறைந்துவிடும். முதல் ஒன்றிரண்டு வாரங்களில் அது முன்பைவிட மோசமாக இருப்பதுபோல் தெரியும். பழக்கம் அடங்குவதற்கு முன் ஒருமுறை திமிறும், அவ்வளவுதான். அதைப் பார்த்து "இது எனக்கு ஒத்துவராது" என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

தூக்கமும் இதோடு பின்னிக் கிடக்கிறது. தினமும் 2 மணிக்கு எழுந்து போனால், உடம்பு 2 மணியை எழும் நேரமாகவே பதிவு செய்துகொள்ளும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழும் நேரத்தை ஒன்றாக வையுங்கள். மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். உள்ளே போன கஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் போல ஆகும். படுத்து 20 நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறையில், மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்புங்கள். அந்த வேறு அறை மாடிப்படி அல்ல.

காத்திருப்பது பற்றி

சக்தி வருமா என்பதற்கு நேர்மையான பதில் யாரிடமும் இல்லை. வந்த காரணமும் தெரியாது, போன காரணமும் தெரியாது. இந்தத் தெரியாமைதான் உங்கள் துக்கத்தை இவ்வளவு சிக்கலாக்குகிறது. போர்க்களத்தில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களோடு 1970-களில் பணியாற்றிய பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். உடல் கிடைக்கவில்லை, அதனால் இறந்தார் என்று அழவும் முடியாது, வருவார் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. அந்தக் குடும்பங்களிடம் "மறந்துவிட்டு ஆகவேண்டியதைப் பாருங்கள்" என்று சொன்னது யாருக்கும் உதவவில்லை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளப் பழகியதுதான் உதவியது. உங்கள் விஷயத்தில் அதை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "திரும்பி வரலாம். வராமலும் போகலாம். இன்றைக்கு இல்லை." இன்றைய நாளின் திட்டத்தை மூன்றாவது வாக்கியத்தை வைத்துப் போடுங்கள். முதல் வாக்கியத்தை அழிக்க வேண்டியதில்லை.

ஐந்து கட்டங்கள் விஷயத்தில் ஒரு திருத்தம். 1969-ல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் அவற்றை எழுதியது, தாங்களே மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து. எதையோ இழந்தவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிப் போக வேண்டிய படிக்கட்டாகப் பிற்காலத்தில் அது பரவிவிட்டது. துக்கம் அந்த வரிசையில் வருவதில்லை. 1999-ல் ஸ்ட்ரோப், ஸ்ஹுட் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் உங்களுக்கு இன்னும் பொருந்தும்: துக்கப்படுபவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார். ஒருநாள் பழைய நினைவில் அழுகை, மறுநாள் மின்கட்டணம், வீட்டுவேலை, ஒரு சிரிப்பு. இந்த ஊசலாட்டமே ஆரோக்கியம். கட்டம் மூன்றில் நீங்கள் நிற்கவில்லை. ஊசல் ஒரே பக்கத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறது, அதைச் சிக்க வைத்திருப்பது அந்த 2 மணிச் சோதனை.

அந்த மூன்று உயிர்கள்

"பழைய நானாக இருந்திருந்தால் 40 நொடியில் மூவரையும் வெளியே கொண்டுவந்திருப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையாக இருக்கலாம். ஆனால் அன்று அங்கே நின்றது பழைய நீங்கள் அல்லவே. இருந்த ஒருவர் செய்யாமல் விட்டது தவறு. இல்லாத ஒருவர் செய்யாததை எந்தக் கணக்கில் எழுதுவது?

இதை வெறும் ஆறுதல் என்று தள்ளிவிடாமல் இருக்க, தாளில் ஒரு பயிற்சி செய்யுங்கள். ஒரு வட்டம் வரையுங்கள். அந்த மரணங்களுக்குக் காரணமான எல்லாவற்றையும் பக்கத்தில் பட்டியலிடுங்கள்: தீ எப்படித் தொடங்கியது, மாற்று வழி இருந்ததா, எச்சரிக்கை மணி அடித்ததா, புகை எந்தப் பக்கம் ஏறியது, தகவல் எப்போது போனது, வண்டி வந்து சேர எவ்வளவு நேரமானது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம் கொடுத்து வட்டத்தைப் பிரியுங்கள். உங்கள் பெயரைக் கடைசியில்தான் எழுத வேண்டும். முதலில் எழுதினால் 100 சதவீதமும் அங்கேயே போய்விடும். குற்றவுணர்வு செய்கிற தந்திரம் அது. கடைசியில் எழுதும்போது மீதம் என்ன இருக்கிறதென்று பாருங்கள்.

இன்னொன்று, நீங்கள் உள்ளே ஓடாமல் நின்றது கோழைத்தனம் இல்லை. தீ விபத்துகளில் பெரும்பாலானோரைக் கொல்வது நெருப்பைவிடப் புகைதான். முன்பு உங்களுக்கு அது ஒரு பொருட்டாக இருந்திருக்காது. இப்போது கார்பன் மோனாக்சைடு உங்களையும் சில நிமிடங்களில் நிலைகுலைய வைக்கும். நீங்கள் நுழைந்திருந்தால் தீயணைப்பு வீரர்கள் தேட வேண்டியவர்களின் எண்ணிக்கை நான்காகியிருக்கும்.

கடிதத்தின் கடைசிக்கு முந்தின வரியில், போகிற போக்கில், "கூட்டத்தை ஒதுக்கி வண்டிக்கு வழி விடச் சொன்னேன், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் வண்டி எந்தப் பக்கமிருந்து வரும் என்று யோசித்தவர் எத்தனை பேர்? அந்தக் கண் உங்கள் சக்தியோடு வந்ததல்ல. 11 ஆண்டு அனுபவத்தில் வந்தது, அது இன்னும் இருக்கிறது.

உடம்பு இப்போது புதிது

மனதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள், உடம்பைப் பற்றி இரண்டே வரி. ஆனால் உங்களைப் போன்றவர்கள் முதலில் அடிபடுவது இங்கேதான். எடை தூக்கியதெல்லாம் சக்தி. தசை அந்த வேலையைச் செய்ததே இல்லை. பழைய நினைவில் தூக்கினால் இடுப்பு பிடிக்கத்தான் செய்யும். இப்போதுள்ள வலி காலுக்குப் பரவி மரத்துப்போனால், கால் பலவீனமானால், தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி குறைந்தால், சிறுநீர் கழிக்க முடியாமல் போனால் அல்லது அடக்க முடியாமல் போனால், அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்; முதுகுத்தண்டின் கீழ் நரம்புகள் நசுங்குவதன் அறிகுறிகள் அவை. அப்படி எதுவுமில்லை என்றால் படுத்தே கிடக்காதீர்கள், மெல்ல நடப்பது நல்லது.

பலப்பயிற்சியை முதல்நாள் மாணவியாகத் தொடங்குங்கள். வாரம் இரண்டு நாள். 10 முதல் 12 முறை தூக்கிய பிறகும் இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்று தோன்றுகிற எடைதான் உங்கள் எடை. அது சுலபமான பிறகே அடுத்தது. தசைவலி ஒன்று முதல் மூன்று நாட்களில் உச்சம் தொட்டு வடியும், அது இயல்பு. வெறியோடு பயிற்சி செய்த பிறகு சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்க வேண்டாம். தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம். பழைய அளவுக்குச் சீக்கிரம் போய்விட வேண்டும் என்று துடிப்பவர்களுக்குத்தான் இது அதிகம் வரும், அதனால்தான் சொல்கிறேன்.

எலும்பையும் பார்க்க வேண்டும். எடையற்ற நிலையில் இருக்கும் விண்வெளி வீரர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைகிறது. அதைத் தடுக்க அங்கே தினமும் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் உடற்பயிற்சி செய்கிறார்கள். நீங்கள் 11 ஆண்டுகளில் காலை ஊன்றி நடந்ததைவிட மிதந்ததுதான் அதிகம் என்றால், எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள்.

கண்ணாடி கிழித்த கதைக்கு வருவோம். தோலில் ஊசி இறங்காத 11 ஆண்டுகள் என்றால், 11 ஆண்டுகளாக ஒரு தடுப்பூசியும் இல்லை. ரண ஜன்னிக்கான (டெட்டனஸ்) ஊக்கத் தவணை 10 ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டியது. உங்களுக்கு நாள் தாண்டிவிட்டது. சிறுவயதில் முழுத் தவணையும் போட்டிருந்தால் இப்போது ஒன்று போதும். போட்டது நிச்சயமில்லை என்றால் மூன்று தவணை: இன்று, ஒரு மாதத்தில், பிறகு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில். மற்றவர்களின் ரத்தத்தில் கைவைத்த தொழில் என்பதால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். அதே நாளில் ரத்தப் பரிசோதனையும் செய்துவிடலாம்: ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, பி12, வைட்டமின் டி. சோர்வும் மனச்சோர்வும் ரத்தசோகையாலும் தைராய்டு குறைவாலும் வரலாம். துக்கத்தின் கணக்கில் எல்லாவற்றையும் எழுதுவதற்கு முன் இவற்றை விலக்கிவிட வேண்டும்.

அனிச்சைகள்தான் மிகவும் ஏமாற்றும். விழும் கத்தியைப் பிடிக்கக் கை நீளும், வண்டிக்கு முன்னால் கால் போகும், மேல் தட்டிலிருந்து பெட்டி சரிந்தால் அடியில் போய் நிற்பீர்கள். 15 கிலோ பெட்டி 2 மீட்டர் உயரத்திலிருந்து விழ முக்கால் நொடிகூட ஆகாது, வந்து சேரும்போது அதன் வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர். "கூடாது" என்று மனதுக்குள் சொல்வதால் அனிச்சை மாறாது, அதற்குப் பதிலாக ஒரு செயலைக் கொடுக்க வேண்டும்: "ஏதாவது விழுந்தால், ஒரு அடி பின்னால்." தினமும் பத்து முறை, ஒரு தலையணையைத் தள்ளிவிட்டுப் பழகுங்கள். கேலிக்கூத்தாக இருக்கும், பரவாயில்லை. கொதிக்கும் பாத்திரத்துக்குத் துணி, குளியல் நீரை முழங்கையால் தொட்டுப் பார்ப்பது, இரண்டு சக்கர வண்டிக்கு ஹெல்மெட் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். 60 டிகிரி வெந்நீர் தோலைச் சில நொடிகளில் பொசுக்கிவிடும். (இதுவரை உங்களிடமிருந்து ஹெல்மெட்டைத்தான் காப்பாற்ற வேண்டியிருந்திருக்கும்.)

கணவர் சொன்ன அந்த வார்த்தை

11 ஆண்டுகள் ஒருவர் இரவில் கதவுச் சத்தத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். அவருடைய நிம்மதி உண்மை. உங்கள் துக்கமும் உண்மை. ஒன்று சரியென்றால் மற்றது தவறு என்று நீங்கள் எடுத்துக்கொண்டதில்தான் பேச்சு நின்றிருக்கிறது. அவர் சொன்ன நேரம் மோசம், அதை மறுக்கவில்லை. வாரம் இரண்டு முறை, 20 நிமிடம், இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "உங்களுக்கு நிம்மதிங்கிறது புரியுது. எனக்கு அது சாவு மாதிரி இருக்கு. சரிபண்ண வேண்டாம், கேட்டா போதும்." அவர் முறை வரும்போது நீங்களும் குறுக்கிடாமல் கேளுங்கள். அந்த 11 ஆண்டு இரவுகளைப் பற்றி அவர் இதுவரை உங்களிடம் சொன்னதே இல்லை என்று நினைக்கிறேன்.

ஊருக்குச் சொல்லலாமா?

மூன்று வழிகள் தெரிகின்றன. ஒன்று, எதுவும் நடக்காததுபோல உடையணிந்து அவ்வப்போது தலைகாட்டுவது. இதை நீங்கள் யோசித்ததாக ஒரு வரி இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஒருவர் நம்பிக் குதித்தால் பிடிக்க முடியாது, ஒரு குற்றவாளி துணிந்து சுட்டால் தடுக்க முடியாது. இரண்டு, பகிரங்கமாக அறிவிப்பது. சுமை ஒரே நாளில் இறங்கும், இரங்கல்களும் வரும். ஆனால் உங்களால் சிறைக்குப் போனவர்களுக்கும் அந்தச் செய்தி போய்ச் சேரும். திரும்பப் பெற முடியாத முடிவு அது. மூன்று, உங்களை எதிர்பார்த்துத் திட்டமிடும் இடங்களுக்கு மட்டும், அதாவது தீயணைப்பு, காவல், ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைகளுக்கு, "இனி என்னைக் கணக்கில் வைக்க வேண்டாம்" என்று தகவல் தருவது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த இளம் தோழி மூலமே அனுப்பலாம். நான் மூன்றாவதைத்தான் சொல்வேன், அதுவும் இந்த வாரமே. நீங்கள் வருவீர்கள் என்று நம்பி ஒரு ஏணி வண்டி தாமதமாகக் கிளம்பக் கூடாது. இரண்டாவது வழியைக் குறைந்தது ஆறு மாதம் தள்ளி வையுங்கள். தூக்கமில்லாதபோது எடுத்த முடிவுகளைத் தூங்கி எழுந்தவர்கள் வருத்தத்தோடு பார்ப்பார்கள்.

"வேறு எப்படி உதவுவது" என்ற தவிப்பும் கடிதத்தில் தெரிகிறது. முதலுதவிப் பயிற்சிக்கு ஒரு நாள் போதும். நெஞ்சழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். முன்பு நீங்கள் செய்திருந்தால் விலா எலும்பெல்லாம் நொறுங்கியிருக்கும், இப்போது உங்கள் கைப்பலம் அதற்குச் சரியான அளவு. நீரில் தத்தளிப்பவருக்குக் கரையிலிருந்து கயிறோ கம்போ நீட்டுங்கள், குதிக்காதீர்கள். பேரிடர் ஒருங்கிணைப்பு, கட்டுப்பாட்டு அறை வேலை, பயிற்சியாளர் வேலை எல்லாம் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் தூக்கம் ஆறு மணி நேரத்தைத் தொடும்வரை எந்தப் புது வேலையிலும் சேர வேண்டாம். துக்கத்திலிருந்து ஓடிப்போய்ச் சேர்ந்த வேலையில் துக்கமும் கூடவே வந்து சேரும்.

மருத்துவரிடம் எதைச் சொல்வது?

இரண்டு வாரங்களுக்கு மேல், பெரும்பாலான நாட்களில், மனம் கனத்தும் எதிலும் நாட்டமில்லாமலும் தூக்கமும் பசியும் குலைந்தும் இருந்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஏழு மாதம். முகமூடியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமலே சிகிச்சை தொடங்கலாம். இவ்வளவு போதும்: "11 வருஷம் ஆபத்தான மீட்புப் பணியில் இருந்தேன். உடல்நிலை மாறியதால் இனி முடியாது. மூன்று பேர் இறந்ததை நேரில் பார்த்தேன். மூன்று மணி நேரம்தான் தூங்குகிறேன். இரவில் மாடிச் சுவரில் ஏறி நிற்கிறேன்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். சொல்வதை வெளியே சொல்லக் கூடாது என்பது மருத்துவரின் கடமை. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் அதற்கு விலக்கு உண்டு. எந்தச் சூழலில் விலக்கு என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தவறாக நினைக்க மாட்டார்கள். பேச்சு சிகிச்சை என்றால் வாரம் ஒன்றாக 12 முதல் 20 அமர்வுகள் வரை போகலாம். மாத்திரை தந்தால் பலன் தெரியவே சில வாரங்களாகும், நடுவில் நீங்களாக நிறுத்தக் கூடாது.

அந்த உடை

எரிக்கவும் வேண்டாம், அருங்காட்சியகத்துக்கு அனுப்பவும் வேண்டாம். தினமும் கண்ணில் படும் இடத்தில் தொங்கவும் வேண்டாம். துவைத்து, மடித்து, ஒரு பெட்டியில் வைத்து, மேலே தேதி எழுதி, அந்த இளம் தோழியின் வீட்டில் கொடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தரைச் சோதனை முடிந்த பிறகு, கணவரையும் அழைத்துப்போய்த் திறந்து பாருங்கள். அளவு சரியாக இருக்கிறதா என்று அந்தப் பெண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பேச்சை அவரே எடுக்கட்டும்.